சேலத்து நூலில் கட்டிய கல்

தான் சொன்னது தப்பு என்று, யாரும் கேட்காமலே முன்வந்து சொன்னவர்களை எண்ணிப் பார்த்தேன். என் எழுபத்தாறு வயதுக்குள் மூன்று பேர்தான் தேறினார்கள். ஒருவர் டாக்டர், அவர் சொல்வதற்குள் நோயாளி போய்ச் சேர்ந்துவிட்டார். ஒருவர் ஜோசியர், அவருக்கு வேறு வழியில்லை. இந்த இருவரும் ஆளுக்கு ஒரு முறை சொன்னவர்கள். மூன்றாமவர் எங்கள் கல்லூரியில் புவியியல் நடத்தியவர். அவர் வாரத்துக்கு ஒரு முறையாவது சொல்வார்.

வகுப்புக்குள் நுழைந்து, சாக்பீஸைக் கையில் எடுப்பதற்கு முன்பே, "நேத்துச் சொன்னது தப்புங்க" என்பார். மாணவர்களுக்கும் 'ங்க'தான். அவரிடம் படித்தவர்கள் எல்லாரும் பென்சிலால்தான் குறிப்பெடுப்பார்கள்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவருக்கே பெயர்கள் நினைவில் நிற்காது. யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, "எந்த ஊருங்க?" என்பதுதான். ஊர் தெரிந்ததும் ஆளுக்கு அதுவே பெயராகிவிடும். பக்கத்து அறையில் புள்ளியியல் நடத்திய நான் 'மோகனூரார்'. பிரின்சிபால் 'அரூரார்'. பதிலுக்கு நான் அவரைச் 'சூரமங்கலத்தாரே' என்று கூப்பிடுவேன். கேட்டவுடன் முகம் மலரும். அப்புறம், "நமக்கு அது வாடகை ஊருங்க" என்பார். அப்பாவுக்கு ரயில்வே வேலை. எட்டு ஊர்களில் படித்திருக்கிறார். கடைசியாக அப்பா சேலம் ஜங்ஷனில் ஓய்வு பெற்றார், குடும்பம் சூரமங்கலத்தில் நின்றுவிட்டது. அம்மாவும் அப்பாவும் போன பிறகும் அதே வாடகை வீட்டில், கல்யாணம் செய்துகொள்ளாமல், ஜங்ஷன் அறிவிப்புகளைக் கேட்டபடி இருந்தார்.

இப்போது அவரைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் நான் குடியிருக்கும் வீடு. பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர் தீவனக் குடோனுக்கு இந்த இடத்தைக் கேட்கிறார். விற்றுவிட்டுத் தன்னோடு ஹைதராபாத் வந்துவிடும்படி மகன் சொல்கிறான். நேற்று மாலை போனில் சரி என்று சொல்லிவிட்டேன். இந்த வீடு இந்த இடத்தில் இருப்பதற்கு அந்த மனிதர்தான் காரணம். ஆகவே அவரைப் பற்றி ஒரு முடிவுக்கு வராமல் வீட்டை விட்டுக் கிளம்ப எனக்கு மனம் வரவில்லை.

*

புவியியல் துறை அறையின் சுவரில் ஏழு படங்கள் இருந்தன. எல்லாம் உலகத்தைப் பற்றி ஆளுக்கொரு விதமாக யோசித்த பெரியவர்கள். பெயர் எழுதி ஒட்டியிருக்கவில்லை. அவரே வைத்த பெயர்கள்தான். கிணற்றில் விழுந்த வெயிலை வைத்துப் பூமியின் சுற்றளவைக் கண்டுபிடித்த கிரேக்கர் 'கிணத்துக்காரர்'. தென் அமெரிக்காவில் மலைமலையாக ஏறி, உயரத்துக்கு உயரம் செடி மாறுவதைக் குறித்துவைத்த ஜெர்மன்காரர் 'மலையேறி'. ஆறுகளுக்கு இளமை, நடுவயது, முதுமை என்று பிரித்துச் சொன்ன அமெரிக்கர் 'ஆத்துக்கு வயசு பாத்தவர்'. ஒரு முறை என்னைப் பார்த்து, "சின்ன ஆறு மலையில குதிக்குமுங்க. வயசான ஆறு சமவெளியில வளைஞ்சு வளைஞ்சு கிடக்கும், மண்ணைச் சேத்து வெச்சுக்கிட்டு, எங்கயும் போக மனசில்லாம. நீங்க இப்பவே காவேரி மோகனூருக்கு வந்த மாதிரி இருக்கறீங்க" என்றார். அப்போது எனக்கு வயது முப்பத்தொன்பது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அவர் 'சூட்டுக்காரர்' பக்கம் இருந்தார். வெயிலும் மண்ணும்தான் மனிதனின் குணத்தைத் தீர்மானிக்கின்றன என்று சொன்னவர் சூட்டுக்காரர். எங்கள் பிரின்சிபால் எதற்கெடுத்தாலும் கத்துவார். அதற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது.

"மேக்கே பாத்த ரூமுங்க அது. மத்தியானத்துக்கு மேல அதுல ஒரு மகானை உக்கார வெச்சாலும் கத்துவாரு."

இதைப் பணியாளர் கூட்டத்தில் பிரின்சிபால் முன்னாலேயே சொன்னார். அரூராருக்கு அது பிடித்துப்போயிற்று. கோபத்துக்குத் தான் பொறுப்பில்லை என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? அடுத்த வாரமே வடக்கே ஜன்னல் வைத்த, வேப்பமர நிழல் விழும் அறைக்கு மாறினார். அங்கேயும் கத்தினார். நிழலில் சத்தம் இன்னும் கணீரென்று கேட்டது. மறுநாள் காலையில் சூட்டுக்காரரின் படம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

அதுதான் அவர் வழக்கம். ஒருவரோடு கருத்து முறிந்தால் படத்தைக் கழற்றமாட்டார், திருப்பி மாட்டுவார். சில மாதம் கழித்து மனம் இளகி மறுபடி முகம் தெரிய மாட்டுவார். "பாவமுங்க, அன்னைக்கு அவருக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

ஆயுத பூஜைக்குப் படங்களைத் துடைத்துச் சந்தனம் வைப்பது அட்டெண்டர் அம்மா. அந்த வருஷம் திரும்பியிருந்த படத்தின் முன் குங்குமத்தோடு நின்றார்.

"ஏனுங் சார், உங்க தாத்தா ஒருத்தரு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருக்கறாரே. பின்னாடியே பொட்டு வெச்சரட்டுங்களா?"

"வெய்ங்கம்மா. கோவம் நமக்குள்ள. அவருக்குச் சேர வேண்டிய பொட்டு சேரட்டும்."

ஏழு வெள்ளைக்காரர்களும் அவருடைய முன்னோர்கள் என்றே அந்த அம்மா கடைசி வரை நம்பினார். அவரும் மறுக்கவில்லை.

அடுத்து அவரைப் பிடித்தவர் 'எலை போட்டவர்', ஒரு பிரெஞ்சுக்காரர். "இயற்கை எலை போட்டுப் பரிமாறுமுங்க. எதைத் திங்கறது, எதை ஒதுக்கறதுன்னு முடிவு பண்றது நாமதான். நாமக்கல்லையே பாருங்க. மழையில்லை. இந்த மண்ணு 'லாரி ஓட்டு'ன்னு சொல்லுச்சா? 'ரிக் வண்டி எடுத்துக்கிட்டுப் போயி ஊர் ஊரா போர் போடு'ன்னு சொல்லுச்சா? 'கோழி வளத்து'ன்னு சொல்லுச்சா? இவுங்களாப் பாத்து எடுத்துக்கிட்டாங்க." இதைச் சொல்லும்போது அவருக்குக் கண் பளபளக்கும். உலகத்தில் எங்கோ ஒருவர் யோசித்தது இங்கே புதுச்சத்திரம் டீக்கடைக்கு எதிரே லாரியாக நிற்பதைப் பார்ப்பதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

*

எங்களை நெருக்கமாக்கியவர் 'தேன்கூட்டுக்காரர்'. சமவெளியில் சந்தை ஊர்கள் தேன்கூட்டு அறைகளைப் போல ஆறு பக்கக் கட்டங்களாக அமையும், ஜனங்கள் பக்கத்துச் சந்தைக்குத்தான் போவார்கள் என்று இன்னொரு ஜெர்மன்காரர் சொல்லியிருந்தார். அதைச் சரிபார்க்க எண்ணுவதற்கு ஆள் வேண்டும். எண்ணுவதில் எனக்கு இருக்கும் பைத்தியம் கல்லூரிக்கே தெரியும். மாடிப்படி ஏறினால் படி எண்ணுவேன், சாப்பாட்டில் உட்கார்ந்தால் பந்தியை எண்ணுவேன். என் ஸ்கூட்டரில் இரண்டு பேரும் சந்தை சந்தையாகப் போனோம். வெங்காயம் வாங்க வந்தவர்களை நிறுத்தி அவர் ஊரைக் கேட்பார். நான் கோடு போடுவேன். பதினாறு சந்தைகள். வரைபடத்தில் இழுத்துப் பார்த்தால் ஏறக்குறைய தேன்கூடுதான். ஒரே ஒரு ஊர் மட்டும் ஒத்துவரவில்லை. பக்கத்தில் சந்தை இருக்க, அதைத் தாண்டித் தூரத்துச் சந்தைக்குப் போனார்கள். "விதிவிலக்கு, விட்டுவிடலாம்" என்றேன் நான். விட்டுவிட்டோம்.

அந்த உற்சாகத்தில்தான் என் வீட்டுப் பேச்சு வந்தது. சொந்த வீடு கட்ட இடம் தேடிக்கொண்டிருந்தேன். மகளைக் கொடுத்த நாமக்கல்லா, அண்ணன் தம்பிகள் இருக்கும் மோகனூரா, மனைவியின் ஊர் திருச்செங்கோடா என்று வீட்டில் தினமும் சண்டை.

"சண்டையே வேண்டாமுங்க. கணக்கா கண்டுபிடிச்சரலாம்" என்றார்.

தொழிற்சாலையை எங்கே வைத்தால் சரக்குப் போக்குவரத்து குறையும் என்று யோசித்த ஒருவரின் வழி அது. அவர்தான் சுவரிலிருந்த ஏழாமவர், 'கல்லு கட்டுனவர்'. ஒரு பலகையில் வரைபடத்தை ஒட்ட வேண்டும். நமக்குப் போக்குவரத்து உள்ள ஒவ்வொரு ஊரிலும் ஒரு துளை. ஒவ்வொரு துளை வழியாகவும் ஒரு நூலைக் கீழே விட்டு, எவ்வளவு அடிக்கடி போவோமோ அதற்கேற்ற எடையைத் தொங்கவிட வேண்டும். மேலே எல்லா நூலையும் சேர்த்து ஒரே முடிச்சு. கையை விட்டால் எடைகள் இழுத்துக்கொண்டு, முடிச்சு நகர்ந்து நகர்ந்து ஓரிடத்தில் நிற்கும். அதுதான் இடம்.

செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மண்டி வைத்திருந்த பாய் ஒருவரிடம் பழைய இரும்பு எடைக்கற்களை அவர் வாங்கிவந்திருந்தார். இரண்டு மேஜைகளுக்கு நடுவே பலகையை வைத்தோம். மோகனூர், நாமக்கல், திருச்செங்கோடு, கல்லூரி இருக்கும் ராசிபுரம், மகன் அப்போது வேலை பார்த்த ஆத்தூர், மனைவியை மாதம் ஒரு முறை டாக்டரிடம் கூட்டிப்போகும் சேலம். எடைகளை நான் சொன்னேன்; அவர் குனிந்து கட்டினார். ஆறு துளை, ஆறு நூல், ஆறு கல். நான் எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது.

முடிச்சு புதுச்சத்திரத்துக்கு வடக்கே, நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு வெற்றுப் புள்ளியில் நின்றது. மறு வாரமே போய்ப் பார்த்தோம். கல்லாங்காடு. நான்கு பனைமரம், ஒரு பாழுங்கிணறு. மனைவி சுற்றிலும் பார்த்தாள்.

"இங்க என்னுங்க இருக்குது?"

அவர் முந்திக்கொண்டார். "எல்லாம் இருக்குதுங்கம்மா. எங்க போறதுன்னாலும் அலைச்சல் கம்மி."

கட்டினேன். படித்த இரண்டு பேர் சேர்ந்தால்தான் இப்படி ஒரு காரியத்தைச் செய்ய முடியும். குடிவந்த மூன்றாம் மாதம், பாலுக்கு மினி பஸ் ஏறிப் போய்வந்த என் மனைவி, தூக்குவாளியை அவர் எதிரிலேயே டக்கென்று வைத்தாள். "ஃபேக்டரி வெக்கற எடத்துல ஊட்டைக் கட்டிப்போட்டீங்க. எல்லாத்துக்கும் நடுவுல இருக்குது. எதுக்கும் பக்கத்துல இல்லை."

அவர் காபியைக் குடிக்காமல் எழுந்து போனார். அந்த வாரமே நாங்கள் விதிவிலக்கு என்று விட்ட ஊருக்குத் தனியாகப் போயிருக்கிறார். தூரத்துச் சந்தைக்கு ஏன் போகிறீர்கள் என்று ஒரு அம்மாவிடம் கேட்டாராம். அந்த அம்மா, "எம் பொண்ண அந்தூர்லதானுங்க குடுத்திருக்குது. சந்தையன்னைக்கு அவளும் வருவா. வெங்காயம் இங்கயும் கெடைக்கும் சாமி, பொண்ணு கெடைக்குமா?" என்று சொல்லியிருக்கிறார்.

மறுநாள் வகுப்பில், "நேத்துச் சொன்னது தப்புங்க" என்று பன்னிரண்டு வருஷப் பாடத்தைத் தூக்கிப் போட்டார். தேன்கூட்டுக்காரரும் கல்லு கட்டுனவரும் சுவரைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவர் படித்ததெல்லாம் வேறு மாதிரி. வெறும் இடம் எப்போது ஊராகிறது, மனிதன் ஒரு மூலைமுடுக்கோடு எப்படி ஒட்டிக்கொள்கிறான் என்று யோசித்தவர்கள். "இடத்தை அளந்துரலாமுங்க. ஊரைப் பழகித்தான் ஆகணும்" என்பார்.

எல்லாம் சரி. ஆனால் என் வீட்டைப் பற்றி மட்டும் 'தப்புங்க' என்ற அந்த வாக்கியத்தை அவர் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் சொன்ன மனிதர் எனக்குச் சொல்லவில்லை. நானும் காத்திருந்தேன்.

*

மாணவர்கள் சேராததால் கல்லூரியில் புவியியல் பாடத்தையே எடுத்துவிட்டார்கள். படங்களை என்ன செய்வது? சூரமங்கலத்து வீட்டில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார். போர்வையில் சுற்றி இரண்டு நடையாக என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். மினி பஸ் கண்டக்டர் கேட்டாராம், "யாருங்க இவங்கெல்லாம், சுதந்திரத்துக்குப் போராடுனவங்களா?"

"இல்லீங்க. உங்க ரூட்டையெல்லாம் முன்னமே யோசிச்சவங்க" என்றாராம். லக்கேஜ் டிக்கெட் போடவில்லை.

பிறகு என் மனைவி போய்ச் சேர்ந்தாள். மகன் ஆத்தூரிலிருந்து ஹைதராபாத்துக்கும், மகள் குடும்பம் நாமக்கல்லிலிருந்து கோயம்புத்தூருக்கும் மாறினார்கள். அண்ணன் தம்பிகளும் இப்போது இல்லை. கல்லூரி வேலை முடிந்துவிட்டது. நூல் ஒவ்வொன்றாக அறுந்து, முடிச்சு மட்டும் நடுக்காட்டில் நின்றது. சனிக்கிழமை மட்டும் பதினோரு மணி மினி பஸ்ஸில் அவர் வந்து இறங்குவார். சூரமங்கலத்திலிருந்து மூன்று பஸ் மாறி வர வேண்டும். கையில் முறுக்குப் பொட்டலம். அதிகம் பேசமாட்டோம். கோழிப்பண்ணை விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, அவர் படங்களைத் துடைப்பார், நான் முறுக்கை எண்ணுவேன். மாலை பஸ்ஸுக்குப் போய்விடுவார்.

அவருடைய கடைசிச் சித்திரை. மாதம் பிறந்த முதல் வாரத்தில் எங்கள் பக்கம் ஒரு நாள் உச்சிவெயில் நேர் தலைக்கு மேல் வரும். நிழல் காலடிக்குள் போய்விடும். கல்லூரி நாட்களில் எல்லாரையும் மைதானத்தில் நிறுத்திக் காட்டுவார். அன்று இரண்டு பேர்தான். வாசலில் ஒரு குச்சியை நட்டார். பாழுங்கிணற்றை எட்டிப் பார்த்தோம். வெயில் அடிமண் வரைக்கும் நேராக இறங்கியிருந்தது. ஒரு உடைந்த பானை தெரிந்தது.

"மோகனூராரே" என்றார், கிணற்றைப் பார்த்தபடியே. "அன்னைக்குப் பலகையில சேலத்துக்கு எத்தனை சொன்னீங்க?"

"இருநூறு கிராம். மாதம் ஒரு தடவைதானே."

"நான் கட்டுனது அரைக் கிலோங்க."

எனக்குப் புரியவில்லை. "ஏன்?"

"சூரமங்கலமும் சேலத்துலதானுங்க இருக்குது. நீங்க சொன்ன ஆறு ஊர்ல நான் இல்லை. மோகனூர் பக்கமோ நாமக்கல் பக்கமோ போயிட்டீங்கன்னா அப்பறம் எங்க வரப்போறீங்க? அதுக்கோசரம் கொஞ்சம் இழுத்துட்டேன். இருநூறே கட்டியிருந்தா முடிச்சு புதுச்சத்திரம் பஸ் ஸ்டாப்புலயே உழுந்திருக்குமுங்க. கடை, பாலு, ஆளு, பேச்சு எல்லாம் இருந்திருக்கும். அம்மா வாளியத் தூக்கிட்டு அலைஞ்சிருக்க வேண்டாம். அன்னைக்குச் செஞ்சது தப்புங்க."

ஆறு கல் என்று எண்ணிய நான், எடையைப் பார்க்கவில்லை.

எனக்கு வந்த கோபத்தில் வாய் குழறியது. "பஸ் வந்துரும், கிளம்புங்க" என்றேன். மாலை பஸ்ஸுக்கு நேரம் நிறைய இருந்தது. அவர் குச்சியைப் பிடுங்கி வேலியோரம் சாய்த்துவிட்டுப் போனார். வெயிலில், நிழல்கூட இல்லாமல், தார்ச்சாலை வரைக்கும் நடந்தார்.

அடுத்த சனிக்கிழமை பதினோரு மணிக்கு முறுக்குப் பொட்டலத்தோடு வந்து நின்றார். நான் கதவைத் திறந்தேன். அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. ஆனியில் ஒரு நாள் சூரமங்கலத்து வீட்டுக்காரர் போன் செய்தார். மயானத்தில் என்னோடு சேர்த்து ஒன்பது பேர். சாம்பலைக் கையில் கொடுத்த ஆள், "பெரியவருக்கு எந்த ஊருங்க?" என்று கேட்டார். எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "சூரமங்கலம்" என்று நான்தான் சொன்னேன். வாடகை ஊர் என்று திருத்த அவர் இல்லை.

*

இன்று காலை படங்களைத் துடைத்தேன். ஐந்து முகம், இரண்டு முதுகு. அந்த முடிச்சை நினைத்துக்கொண்டேன். ஆறு ஊருக்கும் எடை சொன்னது நான். எல்லாம் என் காரியங்களின் எடை: சம்பளம், சொத்து, வைத்தியம், உறவு. நான் வேண்டும் என்று இன்னொருவர் என் பலகையில் தொங்கவிட்டது அந்த முந்நூறு கிராம் மட்டும்தான். பஸ் ஸ்டாப்புக்கும் இந்தக் காட்டுக்கும் நடுவிலுள்ள தூரம் முழுக்க அதுதான். அதில்தான் இத்தனை காலம் குடியிருந்திருக்கிறேன். தீவன மூட்டைக்கு அந்தத் தூரம் எதற்கு?

கல்லு கட்டுனவரைத் திருப்பி, முகம் தெரிய மாட்டினேன். கண்ணாடியில் ஒட்டடை. பழைய சந்தனம் முதுகிலேயே காய்ந்திருந்தது.

மகனுக்குப் போன் செய்தேன்.

"நேத்துச் சொன்னது தப்பு சாமி."

"என்னங்கப்பா தப்பு?"

"விக்கலாம்னு சொன்னது."

"அட்வான்ஸ் குடுக்கப் பண்ணைக்காரரு இன்னைக்கு வாராருங்கப்பா. திடீர்னு இப்படிச் சொன்னா? தனியா அங்க யாரு இருக்காங்கன்னு உக்காந்திருக்கறீங்க?"

"யாரும் இல்லை. ஆனா விக்க வேண்டாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. வாசலுக்கு வந்தேன். பதினோரு மணி மினி பஸ் முனையில் நின்றது. இரண்டு பேர் ஏறினார்கள். இறங்குகிறவர்களை எண்ணத் தயாராக நின்றேன். கண்டக்டர் என்னைப் பார்த்து, இல்லை என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு, விசில் கொடுத்தார்.